எலெக்ட்ரிக் பிக்கப்: லேபிளில் ஒரு ரேஞ்ச், ரோட்டில் ஒரு ரேஞ்ச், பில்லில் வேறொரு கணக்கு

2023 செப்டம்பர் 9 – சுமைதாங்கி

515 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருக்கும் எலெக்ட்ரிக் பிக்கப் ஒன்றின் மேல் கண் வைத்திருக்கிறேன். தினசரி ஓட்டம் 60 கி.மீ. மாதம் இரண்டு தடவை டிரெய்லர் இழுக்க வேண்டும். நிஜத்தில் எவ்வளவு போகும்? செலவு டீசலில் கால்வாசிதான் என்று விற்கிறவர் சொல்கிறார். வைத்திருக்கிறவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

2023 செப்டம்பர் 9 – மீட்டர்

வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. என்ன வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த விவாத இழை கம்பெனிச் சண்டையாகி நாலாம் நாள் பூட்டப்படும். பேட்டரி ஏறக்குறைய 130 யூனிட், அதாவது கிலோவாட் மணி. வண்டி எடை மூன்று டன்னுக்குப் பக்கம். இது போதும்.

சுருக்கமாக: ஊருக்குள் ஓட்டினால் லேபிளில் போட்டது வருகிறது. நெடுஞ்சாலையில் 110-இல் போனால் வரவில்லை. செலவு கால்வாசியா என்றால், டாஷ்போர்டைப் பார்த்தால் அதைவிடக் குறைவாகவே தெரிகிறது. 100 கி.மீ.க்கு 26 யூனிட் காட்டுகிறது. வீட்டு யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

விலையைப் பணமாக எழுத மாட்டேன். மின்கட்டணம் ஊருக்கு ஊர் வேறு, சில இடங்களில் மணிக்கு மணி வேறு. யூனிட்டில் பேசினால் யார் வேண்டுமானாலும் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

2023 செப்டம்பர் 10 – மீட்டர்

நேற்று எழுதியதில் "அவ்வளவுதான்" என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். டாஷ்போர்டு சொல்வது பேட்டரியிலிருந்து வெளியே போனது. நான் காசு கொடுப்பது சுவரிலிருந்து வந்ததற்கு. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. எவ்வளவு என்று தெரியாமல் எழுதியிருக்கக் கூடாது. சார்ஜர் லைனுக்கு ஒரு தனி மீட்டர் வைக்கப் போகிறேன்.

2023 செப்டம்பர் 17 – மீட்டர்

ரேஞ்ச் பற்றி. லேபிள் எண் பொய் இல்லை, ஆனால் எதற்கான எண் என்று தெரிந்துகொண்டால் கோபம் வராது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏதான் அங்கே லேபிள் எண்ணுக்குப் பொறுப்பு. அதன் சோதனையில் நெடுஞ்சாலைச் சுற்றின் சராசரி வேகம் மணிக்கு 78 கி.மீ., உச்சமே 97 கி.மீ.தான். உருளைமேல் ஓட்டிப் பார்த்து, வந்த தூரத்தை 0.7 ஆல் பெருக்கிக் குறைத்துப் போடுவது வழக்கமான முறை. அந்த 0.7-க்குள்தான் நம் வேகம், ஏசி, குளிர் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று கணக்கு. கார்களுக்கு ஓரளவு பொருந்தும். சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிக்கப்புக்கு வேகம் கூடினால் அந்தக் கழிவு போதாது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-இலிருந்து 110-க்குப் போனால் வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, 22 சதவீதம். தடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. டயர் உராய்வு அப்படி ஏறாது என்பதால் மொத்தச் செலவு அந்த அளவுக்குப் போகாது. என் வண்டியில் ஒரே சாலை, ஒரே நாள், காற்றில்லாத காலை:

90-இல் 23.5 யூனிட். 110-இல் 30. 125-இல் 36-ஐத் தொட்டது, அதற்கு மேல் பார்க்க மனசு வரவில்லை.

(எல்லாம் 100 கி.மீ.க்கு.) ஆக 130 யூனிட் பேட்டரி 90-இல் 550 கி.மீ., 110-இல் 430. ஒரே வண்டி, ஒரே நாள், 120 கி.மீ. வித்தியாசம் வலது பாதத்தில் இருக்கிறது.

2023 செப்டம்பர் 17 – மீட்டர்

அவசரத்தில் "ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, 22 சதவீதம்" என்று எழுதியிருக்கிறேன். 22 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கணக்கு வாத்தியார் யாரும் பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

2023 செப்டம்பர் 24 – மீட்டர்

சுமைதாங்கி, "430 போனால் எனக்குப் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 430 முழுதாக உங்கள் கைக்கு வராது. நீண்ட பயணத்தில் முதல் முறை வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக் கிளம்பலாம். அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 10-இலிருந்து 80 வரைதான் போடுவீர்கள். காரணம் எளிது: என் வண்டியில் 10-இலிருந்து 80-க்கு 42 நிமிடம், 80-இலிருந்து 100-க்கு இன்னொரு 50 நிமிடம். பேட்டரி நிறைய நிறைய உள்ளே வாங்கும் வேகம் சரிகிறது. கூட்டம் நிரம்பிய பஸ்ஸில் கடைசி நாலு பேர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

அந்த எழுபது சதவீதம் என்பது 91 யூனிட். 110-இல் போனால் 303 கி.மீ. உங்களுக்கான ரேஞ்ச் அதுதான்: இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே முந்நூறு. 515 என்பது கல்யாணப் பத்திரிகையில் போடும் பட்டம் மாதிரி. உண்மைதான், தினமும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை.

2023 அக்டோபர் 8 – மீட்டர்

தனி மீட்டர் வந்துவிட்டது. ஒரு மாதக் கணக்கு எழுத ஆசை, ஆனால் மீட்டர் வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. முழு மாதம் ஓடட்டும்.

இதற்கிடையில் ஒரு விளையாட்டு. வேகச் சார்ஜரும் இல்லை, வீட்டுச் சார்ஜரும் இல்லை என்று வைத்துக்கொண்டு சாதாரண பிளக் பாயிண்டில் போட்டுப் பார்த்தேன். பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் வழியாக. பதினெட்டு மணி நேரம். சுவரிலிருந்து வந்தது 40 யூனிட், பேட்டரியில் ஏறியது 31. ஒன்பது யூனிட் எங்கே? சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கின்றன, குளிர்நீர் பம்ப் ஓடுகிறது. அதற்கு மணிக்கு கால் யூனிட்டுக்கு மேல். வீட்டுச் சார்ஜரில் 11 கிலோவாட்டில் போட்டால் அந்தக் கூலியை நாலு மணி நேரத்துக்குக் கொடுத்தால் போதும். மெல்லப் போட்டால் பதினெட்டு மணி நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மெதுவாகப் போட்டால் மிச்சம் என்று நினைத்திருந்தேன். பேட்டரிக்கு நல்லதாக இருக்கலாம், பில்லுக்கு இல்லை.

2023 நவம்பர் 1 – மீட்டர்

அக்டோபர் முழு மாதக் கணக்கு. பேட்டரிக்குள் போனது என்று வண்டி சொல்வது 420 யூனிட். சுவர் மீட்டர் 496.

பதினெட்டு சதவீதம் கூடுதல். எரிச்சலாக இருந்தது. ஆனால் ஃபோர்டின் எலெக்ட்ரிக் பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி மாடல் லேபிளை எடுத்துப் பார்த்தேன்: 131 யூனிட், 320 மைல், அதாவது 515 கி.மீ. வகுத்தால் 100 கி.மீ.க்கு 25.4 யூனிட் வர வேண்டும். அதே லேபிளில் 100 மைலுக்கு 48 யூனிட் என்று இருக்கிறது, கி.மீ.யில் ஏறக்குறைய 30. ஏன் ஒத்துப்போகவில்லை என்றால், இபிஏ செலவை சுவரில் அளக்கிறது. சார்ஜ் இழப்பும் உள்ளே. அங்கேயும் பதினேழு சதவீத வித்தியாசம்! என் பதினெட்டு சரிதான் என்று சமாதானமாகிவிட்டேன்.

ஆகவே வீட்டில் போட்டால் டாஷ்போர்டு எண்ணை 1.18 ஆல் பெருக்குங்கள். 110-இல் 30 என்றால் பில்லில் 35.

2023 நவம்பர் 5 – மீட்டர்

டீசல் ஒப்பீடு கேட்டவர்களுக்கு, எந்த ஊரிலும் செல்லுபடியாகும் ஒரு எண் தருகிறேன். என் பழைய டீசல் பிக்கப் நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடித்தது. இது 35 யூனிட். ஒரு லிட்டர் டீசல் விலையை ஒரு யூனிட் மின்சார விலையால் வகுங்கள். விடை 3.5-க்கு மேலே வந்தால் மின்சாரம் மலிவு, கீழே வந்தால் டீசல் மலிவு. விற்கிறவர் சொன்ன "கால்வாசி" வர வேண்டும் என்றால் விடை 14 வர வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், பிறகு அவரிடம் போய்ப் பேசுங்கள்.

வேகச் சார்ஜருக்கு இழப்பு குறைவு, வண்டிக்குள் இருக்கும் சார்ஜரைத் தாண்டி நேராக பேட்டரிக்குப் போகிறது. என் ரசீதுகளில் எட்டு சதவீதம். ஆனால் யூனிட் விலை நான் போட்ட இடங்களில் வீட்டு விலையைப் போல மூன்று மடங்கு.

2023 நவம்பர் 19 – மீட்டர்

டிரெய்லர். இதற்குத்தான் எல்லோரும் காத்திருந்தீர்கள்.

நண்பர் வீடு மாற்றினார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெட்டி டிரெய்லர், 290 கி.மீ. தூரம். கொக்கியை மாட்டி, லைட் வயரைச் செருகி, பிரேக் பார்த்து, உள்ளே உட்கார்ந்தால் டாஷ்போர்டு "480 கி.மீ. போகலாம்" என்கிறது. பின்னால் ஒரு வீட்டையே கட்டியிருக்கிறேன், அதற்குத் தெரியவே இல்லை. நேற்று வரை எப்படி ஓடியதோ அதைப் பார்த்து நாளையைச் சொல்கிற ஜோசியர் அது. முப்பது கிலோமீட்டர் போனதும் ஜோசியருக்கு வியர்த்தது. எண் 250-க்கு வந்து நின்றது.

105-இல் போனேன். 100 கி.மீ.க்கு 57 யூனிட். 150 கி.மீ.யில் ஒரு நிறுத்தம், 35 சதவீதம் மிச்சம். அங்கேதான் வேடிக்கை. சார்ஜர்கள் எல்லாம் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தும் கார் பார்க்கிங் அமைப்பில் இருக்கின்றன. டிரெய்லரோடு நின்றால் பின்பாதி பாதையை அடைக்கும். வயர் முன்பக்கம் வரைதான் நீளும். எனவே ஒரு மூலையில் டிரெய்லரைக் கழற்றி, முட்டுக்கால் இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை மட்டும் கொண்டுபோய்ப் போட்டேன். சார்ஜ் 27 நிமிடம். கழற்றி மாட்ட 20 நிமிடம். மழைத் தூறல் வேறு. முட்டுக்கால் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, டீசல் வண்டி கிளம்பிப் போன ஒவ்வொரு சத்தமும் காதில் விழுந்தது.

திரும்பும்போது காலி டிரெய்லர், 88-இல் வந்தேன். 42 யூனிட். எடை போனதும் எப்படிக் குறைகிறது பாருங்கள்.

2023 நவம்பர் 21 – மீட்டர்

"எடை போனதாலா, வேகம் போனதாலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயம், பதில் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். காலியாக, 105-இல்.

2023 நவம்பர் 26 – மீட்டர்

காலி டிரெய்லர், 105: 54 யூனிட்.

ஆக 900 கிலோ சாமான் தின்றது மூன்றே யூனிட். மீதி எல்லாம் அந்தப் பெட்டியின் முகப்பு. எடை போனதால் என்று நான் எழுதியது தவறு.

இதில் சங்கடம் என்னவென்றால் முப்பது வருஷமாக எடையைத்தான் எதிரி என்று நினைத்து வண்டி ஓட்டியிருக்கிறேன். இஞ்சின் முனகும், கியர் மாறும், நமக்கே பாரம் தெரியும். மின் மோட்டார் முனகாது. அதுவும் சமதரையில் எடை கூடினால் கூடுவது டயர் உராய்வு மட்டும். பின்தொட்டியில் அரை டன் ஏற்றிப் பார்த்தேன், ஐந்து சதவீதம் கூடியது, காற்று கொஞ்சம் எதிரே அடித்தாலே அவ்வளவு கூடும். ஆனால் கூரைமேல் நீட்டிக் கட்டிய ஏணி ஒன்று அதே அளவு தின்றது. ஏணி பதினெட்டு கிலோ.

2023 டிசம்பர் 3 – மீட்டர்

மேட்டில் எடை தெரியும், அதை மறுக்கவில்லை. வண்டியும் தாழ்வான தட்டு டிரெய்லரும் அதில் செங்கல்லும் சேர்த்து ஐந்து டன், 600 மீட்டர் ஏற்றம். தூக்குவதற்கு மட்டும் 8 யூனிட்டுக்கு மேல் வேண்டும், இது பள்ளிக்கூட பிசிக்ஸ், யாரும் தப்பிக்க முடியாது. ஆனால் மறுபக்கம் இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து ஐந்து யூனிட்டைத் திருப்பித் தந்தது. மொத்தப் பயணச் சராசரி 36. டிரெய்லரும் செங்கல்லுமாக இரண்டு டன்னுக்கு 36, வெறும் காற்றை அடைத்த பெட்டிக்கு 54.

சுமைதாங்கி, நீங்கள் எந்த மாதிரி டிரெய்லர் இழுப்பீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. எத்தனை கிலோ என்று சொல்லாதீர்கள், எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 3 – சுமைதாங்கி

தாழ்வானதுதான். மண், ஜல்லி, சில சமயம் சின்ன டிராக்டர். உயரமாக எதுவும் இல்லை.

2023 டிசம்பர் 4 – மீட்டர்

தப்பித்தீர்கள்.

2024 ஜனவரி 14 – மீட்டர்

குளிர். வெளியே மைனஸ் 8. கண்ணாடியில் பனி படிந்து, கதவு ரப்பர் ஒட்டிக்கொண்டு, பிடித்து இழுத்தால் கிழியும் சத்தம். 12 கி.மீ. போய் வேலையை முடித்து, வண்டி ஆறிய பிறகு 12 கி.மீ. திரும்பினேன். 46 யூனிட்!

அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஐந்து மின் கார்களை மைனஸ் 7 பக்கம் சோதித்தது. ஹீட்டர் போட்டால் ரேஞ்ச் 41 சதவீதம் குறைந்தது, போடாவிட்டால் 12 சதவீதம்தான். ஆக குளிரில் பேட்டரி சோம்பேறியாவதைவிட நாம் கதகதப்பாக இருக்க ஆசைப்படுவதுதான் பெரிய செலவு. டீசல் இஞ்சின் எரிப்பதில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது, அதில் ஒரு கை அள்ளி கேபினுக்குத் தருகிறது. இங்கே வீண் வெப்பம் இல்லை, ஒவ்வொரு டிகிரியும் காசு. போதாததற்கு குளிர்காற்று அடர்த்தியானது. 25 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தால் ஒன்பது சதவீதம் கனம், வண்டி அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். டயர் காற்றழுத்தமும் ஐந்தரை டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும்.

சின்னச் சின்ன ஓட்டம்தான் மோசம். ஒவ்வொரு தடவையும் மூன்று டன் பனிக்கட்டியை முதலிலிருந்து சூடாக்க வேண்டும். 200 கி.மீ. ஒரே ஓட்டமாகப் போன அன்று 34-க்கு மேல் போகவில்லை.

2024 ஜனவரி 21 – மீட்டர்

"கிளம்புவதற்கு முன் சுவரில் செருகியபடியே வண்டியைச் சூடாக்கு" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். செய்தேன். 46 என்பது 36 ஆனது. உள்ளே கால் வைத்தால் இட்லிக் கொப்பரை மாதிரி இதம். ஆனந்தம்.

பிறகு சுவர் மீட்டரைப் பார்த்தேன். சூடாக்கியதற்கு மூன்று யூனிட் ஏறியிருக்கிறது. 12 கி.மீ. ஓட்டத்தில் டாஷ்போர்டில் மிச்சமானது 1.2 யூனிட். அந்த மூன்று எந்தச் சராசரியிலும் தெரியாது, ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே செலவாகிவிட்டதால். ரேஞ்ச் வேண்டும் என்றால் செய்யுங்கள். காசு மிச்சம் என்று செய்யாதீர்கள். நான் காசு போனாலும் செய்கிறேன், மைனஸ் 8-இல் கொள்கை பேச முடியாது. சீட் ஹீட்டர் மட்டும் போட்டுக்கொண்டு கேபினைக் குறைத்து வைத்தால் நல்ல மிச்சம், ஆனால் பக்கத்தில் உட்காருகிறவர் சம்மதிக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 7 – மீட்டர்

கரடுமுரடு டயர் மாட்டினேன். பார்க்க ஜம்மென்று இருக்கிறது. 28-இல் இருந்த மாதச் சராசரி 31. பத்து சதவீதம். மண் சாலைக்கு மாதம் இரண்டு தடவை போவேன், மீதி இருபத்தெட்டு நாள் அழகுக்கு வாடகை கட்டுகிறேன்.

2024 ஜூன் 2 – மீட்டர்

"ரிவியன் ஆர்1டி மேக்ஸ் பேட்டரி 410 மைல், சில்வராடோ இவி 450 மைல், உங்கள் வண்டி பழைய சரக்கு" என்று ஒருவர். ரேஞ்ச் பெரிதாக இருப்பதும் சிக்கனமாக இருப்பதும் வேறு. சில்வராடோவின் பேட்டரி 200 யூனிட்டுக்கு மேல். பெரிய குடத்தில் நிறையத் தண்ணீர் பிடிக்கும், ஓட்டை அப்படியேதான் இருக்கும். டிரெய்லர் இழுப்பவருக்குப் பெரிய குடம் உதவும், வாஸ்தவம். அதை வீட்டில் நிரப்பும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 7 கிலோவாட்டில் என் 91 யூனிட்டுக்கே பதினாலு மணி நேரம்.

இன்னொருவர் பின்கதவைத் திறந்து விட்டால் காற்று போகும், மிச்சமாகும் என்கிறார். ஆகாது. மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தை மாதிரி நிற்கும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். திறந்தால் மெத்தை கலைந்துவிடும். தொட்டிக்கு மூடி போட்டால் கொஞ்சம் உதவுகிறது.

2024 ஜூலை 28 – மீட்டர்

இழைக்குச் சம்பந்தமில்லாதது. புயலில் கரண்டு போய் ஒன்றரை நாள். தொட்டியில் இருக்கும் பிளக்கிலிருந்து வயர் இழுத்து ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறி, எல்லோர் போனும். ஒன்றரை நாளில் பேட்டரி 14 சதவீதம் இறங்கியது. லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரை வெளியே எடுக்கலாம், என்னுடையதில் அவ்வளவு இல்லை. ஆனால் சத்தமில்லை, புகையில்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ராத்திரி முழுக்கக் கத்தியதைக் கேட்டுக்கொண்டு தூங்கினேன். இதை எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவது?

2024 ஆகஸ்ட் 11 – மீட்டர்

வேகச் சார்ஜரில் போட்டுவிட்டு சாப்பிடப் போய், சார்ஜ் முடிந்து பதினைந்து நிமிடம் கழித்து வந்தேன். இடத்தை அடைத்ததற்கு நிமிடக் கணக்கில் அபராதம். தப்பு என்னுடையது. அதன்மேல் கோபம் என்னவோ அவர்கள்மேல்தான். இன்னொரு இடத்தில் யூனிட்டுக்குப் பதில் நிமிடத்துக்குக் கட்டணம். அங்கே 80-ஐத் தாண்டி ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

2024 அக்டோபர் 6 – மீட்டர்

பதினான்கு மாதம், 21,400 கி.மீ., சராசரி 29 யூனிட். ஏற்றியதில் வேகச் சார்ஜர் பங்கு 14 சதவீதம்தான். செலவில் அதன் பங்கு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. வீட்டில் போட வசதி இல்லாதவர் முழுக்க வேகச் சார்ஜரை நம்பினால் நான் கட்டுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டுவார். வண்டியைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது: ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்?

டீசலோடு டிரெய்லர் கணக்கையும் இப்போதுதான் போட்டேன். பழைய டீசல் வண்டி அதே மாதிரிப் பெட்டியை இழுத்தபோது 10 லிட்டர் 16.5 ஆனது. இது 30-இலிருந்து 57. டீசல் இஞ்சின் சும்மா ஓடும்போதே நிறைய வீணடிக்கிறது, பாரம் ஏறினால் கொஞ்சம் ஒழுங்காகிறது. மோட்டார் எப்போதும் ஒழுங்கு, அதனால் பாரம் அப்படியே பில்லில் தெரிகிறது. வேகச் சார்ஜரில் போட்டு உயரப் பெட்டி இழுத்தால், டீசல் லிட்டர் விலையை அந்தச் சார்ஜரின் யூனிட் விலையால் வகுத்த விடை 3.7-க்கு மேல் வர வேண்டும். நான் போட்ட இடங்களில் வரவில்லை. அந்த வேலைக்கு டீசல்தான் மலிவு, மனசில்லாமல் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 10 – மீட்டர்

ஒரு அசிங்கம் நடந்துவிட்டது.

நேற்று ஷெட்டில் விளக்கு மாற்ற பிரேக்கரை இறக்கினேன். சார்ஜர் லைன் மீட்டர் அணைந்தது, சரி. மூலையில் இருந்த பழைய ஃபிரீசரின் பச்சை விளக்கும் அணைந்தது. மண்டியிட்டு வயரைத் தடவிப் பார்த்தேன். மீட்டர் வைத்தவர் ஃபிரீசர் பாயிண்டையும் அதே லைனில், மீட்டருக்கு அப்புறம் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷமாக ஃபிரீசர் தின்றதை வண்டி தின்றதாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிரீசரைத் தனியாக அளந்தேன். நாளுக்கு ஒரு யூனிட். 2023 அக்டோபர் கணக்கைத் திருத்துங்கள்: 496-இல் 31 கழித்தால் 465. பேட்டரிக்குப் போனது 420. இழப்பு பதினெட்டு இல்லை, பதினொன்று. லேபிளின் பதினேழைப் பார்த்து "சரிதான்" என்று தலையாட்டினேனே, அங்கேதான் கோட்டை விட்டேன். பொருந்துகிற எண் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு தவறும் பக்கத்துப் பக்கத்தில் வந்து கைகுலுக்கிக்கொண்டன.

ஆக வீட்டுக்கு 1.18 வேண்டாம், 1.11. டீசல் வகுத்தல் எண் 3.5 வேண்டாம், 3.3. போன மாதம் சொன்ன மூன்றில் ஒரு பங்கு திருத்திய எண்ணுக்குத்தான் சரியாக வருகிறது, 1.18 போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். பிளக் பாயிண்ட் சோதனை தனி மீட்டரில் நடந்தது, அதில் மாற்றமில்லை. குளிரில் சூடாக்கிய மூன்று யூனிட்டில் ஃபிரீசருக்குச் சேர வேண்டியது எள்ளளவு, விட்டுவிடலாம்.

2024 நவம்பர் 10 – சுமைதாங்கி

3.3-ஓ 3.5-ஓ, என் ஊரில் டீசல் விலையை வீட்டு யூனிட் விலையால் வகுத்தால் 8 வருகிறது. போன வாரம் முன்பணம் கட்டிவிட்டேன். ஃபிரீசரில் என்ன இருந்தது?

2024 நவம்பர் 11 – மீட்டர்

ஐஸ் கட்டி. ஒரு வருஷமாக ஐஸ் கட்டி மட்டும்.

இப்போது பிடுங்கிவிட்டேன். நீங்கள் மீட்டர் வைக்கும்போது பிரேக்கரை ஒரு தடவை இறக்கி, வேறு எது அணைகிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.